பாவசங்கீர்த்தனத்தில் ஒரு புகார்

எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த ஃபாதர், பூசை முடிவில் ‘இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக’ என்பதை ‘நம்மை’ என்று மாற்றிச் சொல்கிறார். பூசைப் புத்தகத்தை இருமுறை பார்த்துவிட்டேன், ‘உங்களை’தான். எனக்கோ ஆசீர் வாங்கிய நிறைவே இல்லை. நேரில் கேட்கத் தைரியமும் இல்லை.

அதனால் இன்று மாலை பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். அங்கே திரை உண்டு, முகம் தெரியாது.

பாவங்களைச் சொல்லி முடித்து, “ஃபாதர், நீங்களும் எங்களோட சேர்ந்து வாங்கிக்கிட்டா, குடுக்கிறது யாரு?” என்று கேட்டேவிட்டேன்.

உள்ளே சிரிப்பு. “அப்ப எனக்கு யாரு அங்கிள் குடுப்பா?”

குரலிலேயே நான் கிழவன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது! பதற்றத்தில், “நான் வேணா குடுக்கட்டுமா?” என்று உளறிவிட்டேன்.

“குடுங்க, குடுங்க. சீக்கிரம், வெளிய லைன் நிக்குது.”

திரையை நோக்கிச் சிலுவை வரைந்தேன். ‘உங்களை’ என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

பிறகு பூசை. முடிவில் ஃபாதர் கையை உயர்த்தி, தெளிவாக, “உங்களை” என்றார்!

வீட்டுப் பக்கம் போகும் ஈஜிபுரா பஸ் காலியாக வந்தும் ஏறாமல், வீடுவரை நடந்தே வந்தேன்.

ஒரு சந்தேகம். அங்கே கேட்டதை ஃபாதர் வெளியே சொல்லக்கூடாது. நான் சொல்லலாம்தானே? தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். கூடாதென்றால் மறுபடி அதே வரிசையில்தான் நிற்கவேண்டும்.