அண்ணி ஓங்கி அடித்த சுரம்

இசை நூல் பதிப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு வீட்டில் பெயர் பூதக்கண்ணாடி. வைத்தது அண்ணி. மின்கட்டண ரசீதில்கூடப் பிழை கண்டுபிடிப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

ஒரு சமயம் பழைய பியானோ இசை ஒன்று அவள் மேசைக்கு வந்தது. இயற்றியவரின் கைப்பிரதி தொலைந்து, மிஞ்சியவை மூன்று பழைய அச்சுகள். ஆறாம் பக்கத்தில் ஒரு சுரத்தின் தலைக்குமேல் படுத்த கூம்பு போல ஒரு குறி. குட்டையாக இருந்தால் அந்தச் சுரத்தை அழுத்தி அடி என்று பொருள். நீளமாக இருந்தால் அங்கிருந்து ஒலியை மெல்லக் குறை. முதல் அச்சில் நீளம், இரண்டாவதில் குட்டை, மூன்றாவதில் இரண்டுங்கெட்டான்.

முதல் அச்சை நம்பி, 'மெல்லக் குறை' என்றே முடிவுகட்டினாள். வாய் சும்மா இருக்காமல் அதை அண்ணியிடம் சொல்லியும் விட்டாள். அண்ணி பியானோ ஆசிரியை. அந்தச் சுரத்தை ஓங்கி அடித்தே பேர் வாங்கியவள்.

"அப்போ முப்பது வருஷமா நான் தப்பா வாசிச்சேனா?"

"நான் அப்படிச் சொல்லலியே அண்ணி."

"வேற எப்படிச் சொன்னே?"

அண்ணன் செய்தித்தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். மூன்று வாரம் அண்ணி போனை எடுக்கவில்லை. நாலாவது வாரம் பதிப்பகத்துக்கே வந்து நின்றாள். "அந்த முதல் அச்சை எடு."

பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள். முடிவுச் சுரத்தின் மேலும் அதே நீளக் குறி.

"இதை டக்குனு அடிச்சுட்டு கையை எடுத்துடணும். அப்புறம் ஒண்ணுமே இல்ல. எதை மெல்லக் குறைக்கிறது? அச்சுக்காரன் அழுத்தறதுக்கும் நீளமாத்தான் போட்டிருக்கான்!"

பூதக்கண்ணாடிக்கு முகம் சிவந்தது. குறியை அளவுகோல் வைத்து அளந்தவள், விரலால் வாசித்துப் பார்க்கவில்லை. சிரிப்பும் வந்தது. "தோத்துட்டேன் அண்ணி." அங்கேயே குட்டைக் குறியாகத் திருத்தினாள்.

அன்று மாலை அண்ணன் வீட்டில் அண்ணி அதை வாசித்தாள். அந்தச் சுரம் வந்ததும் ஓங்கி அடிக்கவில்லை. தொட்டு, மெல்லத் தணித்தாள்.

"என்ன அண்ணி இது?"

"கோவத்துல ஒருநாள் கதவைச் சாத்திட்டு நீ சொன்ன மாதிரி வாசிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா புஸ்தகத்துல என் கட்சிதான் போடணும், ஆமா."

போட்டாள். அடிக்குறிப்பில் மட்டும், மெல்லத் தணித்து வாசிப்பவர்களும் உண்டு என்று ஒரு வரி சேர்த்தாள்.