கம்ப்யூட்டருக்கு எண்ணெய்க் குளியல்

போன வாரம் என் மனைவி தேவகி, கம்ப்யூட்டரை எண்ணெயில் முக்கி வைத்தாள்.

கோபத்தில் அல்ல. யோசித்து, அளந்து, நிதானமாகத்தான்.

அவளுக்குத் தொழில், கல்யாண வீடியோ எடிட்டிங். பாடாங் மேஹாவில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மத்தியானம் ஆனால் மனிதர்களே சுருண்டு விடுகிறோம்... கம்ப்யூட்டர் என்ன செய்யும்? மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார். முடிச்சு விழுவதற்குள் திரை இருண்டுவிடும். சூடு தாங்காமல் தானாகவே அணைந்துவிடுகிறது. இப்படியே ஒரு ஜோடிக்குக் கல்யாணம் ஆகாமலே இழுத்துக்கொண்டிருந்தது.

எங்கேயோ படித்துவிட்டு வந்தாள். மின்சாரம் கடத்தாத வெள்ளை எண்ணெய் ஒன்று இருக்கிறதாம். மதர்போர்டை அதில் அப்படியே மூழ்க வைத்தால், சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளுமாம். கூலிம் டவுனிலிருந்து எண்ணெய் வந்தது. மீன் செத்துக் காலியாகக் கிடந்த கண்ணாடித் தொட்டி வந்தது. பாகங்களை உள்ளே இறக்கி, விளிம்பு வரை ஊற்றினாள்.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னா தம்பி, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கே லா. அதுக்குள்ள பலகாரமா?”

“கம்ப்யூட்டர், அக்கா.”

“பொரிச்சா நல்லாருக்குமா?”

சுவிட்சைப் போட்டோம். ஓடியது! உச்சி வெயிலிலும் அணையவில்லை.

வெளியே இருந்தது ஹார்டு டிஸ்க் மட்டும்தான். அது மூச்சு விட வேண்டுமாம், எண்ணெய் ஆகாதாம். இட்லித் தட்டை மேசையில் கவிழ்த்து, அடியில் காற்றோட்டம் இருக்கட்டும் என்று அதன் மேல் வைத்தாள். தொட்டியிலிருந்து ஒரு கேபிள் அதற்குப் போனது.

கரங்கானில் இருக்கும் புஷ்பா அக்கா மகளின் கல்யாணம் முழுவதும் அந்த டிஸ்க்கில்தான். வேறு காப்பி கிடையாது. கேமராக்காரர் கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணியில் விருந்து; வீடியோ பெரிய திரையில் ஓடியாக வேண்டும். புஷ்பா அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இதன் தீவிரம் புரியும். தெரியாதவர்கள்... கொடுத்து வைத்தவர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் மேசையில் எண்ணெய். தொட்டியில் ஓட்டை இல்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் மேலேறி வெளியே வருகிறது! தேவகி ஷூட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“மேசைய மட்டும் தொடச்சி வைங்க. வேற எதையும் தொடாதீங்க. சாயங்காலம் வந்து நானே பாத்துக்கிறேன்.”

பிறகு புருஷன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தேன். கேபிள் எண்ணெயில் இறங்கும் இடத்தில் தொடங்கி, டிஸ்க்குக்குப் பக்கம் வரை சுற்றினேன் — இறுக்கமாக, அழகாக. வருகிற எண்ணெயைத் துணி குடித்துவிடும் என்பது என் கணக்கு.

சாயங்காலம் குளித்துவிட்டு விளக்கேற்ற உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு என் பொறுப்பு. மிச்சமிருந்த அதே வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, திரியாகத் திரித்துப் போட்டேன். ஒரு முனை எண்ணெயில், ஒரு முனை வெளியில். எண்ணெய் மெல்ல ஏறி நுனிக்கு வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்...

ஐயோ முருகா!

ஓடினேன். காலையில் நான் சுற்றி வைத்ததும் திரிதான். நல்ல நீளமான திரி! இட்லித் தட்டைச் சுற்றி எண்ணெய் குளமாக நின்றது. தொட்டாலும் தப்பு, தொடாவிட்டாலும் தப்பு. அந்த நேரம் பார்த்து தேவகியின் கார் வந்து நின்றது.

வந்தவள் மேசையைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். சுவிட்சை அணைத்து, டிஸ்க்கைத் தூக்கி அடியில் விரலை ஓட்டினாள். காய்ந்திருந்தது. எண்ணெய் இட்லித் தட்டின் பாதி உயரம்தான் ஏறியிருந்தது. எனக்கு உயிர் வந்தது.

“வருசக்கணக்கா விளக்கு ஏத்துறீங்க. துணியில எண்ணெய் ஏறும்னு தெரியாதா?”

“தெரியும்.”

“பெறகு?”

பிறகு என்ன? சாமி அறையில் தெரிந்தது, மேசைக்கு வரும்போது மறந்துவிடுகிறது. நமக்குத் தெரிந்ததில் பாதி, கற்றுக்கொண்ட அறையிலேயே தங்கிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய திரையில் முடிச்சு விழுந்தது. புஷ்பா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். அவர் மகளை நினைத்து அழுதார். நான் இட்லித் தட்டை நினைத்து அழுதேன்.

இப்போது தேவகி கேபிளை வளைத்துத் தொங்கவிட்டு, சொட்டுகிற எண்ணெய்க்கு அடியில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறாள். வீட்டில் இரண்டு இடத்தில் எண்ணெய் இருக்கிறது. ஒன்றில் மட்டும்தான் எனக்குத் திரி போட அனுமதி!