ஒரு சாண் எண்ணெய்

போன வாரம் ஒரு காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து மாடி வீட்டு அனிதா அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க." வெளியே மழை பிடித்திருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம்தான். இனி மழைக்கு நான் தனி.

அனிதாவின் அம்மா ஸ்டெல்லா மிஸ்ஸை நம் பள்ளியில் எல்லோரும் அறிவீர்கள். அவர் இயற்பியல், நான் தமிழ். மந்தைவெளியில் ஒரே கட்டடத்தில் அவர் மாடி, நான் கீழே. நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. ஒரு கை வெங்காயம் கேட்டாலும் "மிஸ்"தான்.

சில வருடங்களுக்கு முன் வந்த அந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தெருத்தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதும் மாடிக்கு ஓடினேன். "தண்ணி மேல வர இன்னும் எத்தனை படி மிஸ் இருக்கு?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். என் கவனத்தைத் திருப்ப அவர் ஒரு தாம்பாளத்தில் மழைநீரைப் பிடித்து, மேலே முகப் பவுடரைத் தூவினார். குண்டூசி முனையில் துளி தேங்காய் எண்ணெய் எடுத்து நடுவில் தொட்டார். பவுடர் சட்டென்று விலகி, ஒரு சாண் அகலத்துக்கு வட்டம் விழுந்தது.

"இதுக்கு மேல எண்ணெய் மெலியாது மிஸ். மூலக்கூறு எல்லாம் ஒரே அடுக்கா பரவிக்கினு இருக்கு. துளி குறுக்கே அரை மில்லிமீட்டர். அதோட கன அளவை வட்டத்தோட பரப்பால வகுங்க, தடிமன் வரும். அதுல பத்துல ஒரு பங்குதான் ஒரு அணுவோட அளவு. தோராயமா போதும்."

வகுத்தேன். என் அணு அரிசி அளவுக்கு வந்து நின்றது.

"அடப்பாவமே, இத்த வடிச்சு சோறே போடலாமே மிஸ்!" என்றார் அவர்.

இருவரும் சிரித்தோம். எண்ணெயின் தடிமனே, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒன்றிரண்டு பங்குதானாம். "ஒரு சைபர் முன்ன பின்ன போனா குத்தமில்ல. ஆறேழு சைபர் போனா அது கணக்கில்ல, பயம்," என்றார்.

அப்போதுதான் கவனித்தேன், அவர் கண்ணும் படிக்கட்டுத் தண்ணீர் மேலேயே இருந்தது. "எனக்கும் நீச்சல் தெரியாது மிஸ்," என்றார்.

அடக்கம் முடிந்து அனிதா ஊருக்குப் போய்விட்டாள். மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது, தாம்பாளமும் இருக்கிறது. இன்று தண்ணீர் வாசலைத் தொட்டதும் மேலே வந்து பவுடர் தூவினேன், எண்ணெயைத் தொட்டு வைத்தேன். அதே ஒரு சாண் வட்டம். வகுத்துப் பார்த்தேன். இந்த முறை ஒரு சைபர்கூடப் பிசகவில்லை.

கணக்கு சரியாக வந்துவிட்டது. பயம் போகவில்லை, மிஸ்.