நாலு தரம் புரட்டியவர்

அவிநாசிப் பக்கம் பஸ் ஏறுகிறவர்களை "பதனமாப் போய்ட்டு வாங்க" என்றுதான் வழியனுப்புவார்கள். கொதிக்கிற பாலை இறக்குகிறவளுக்கும் அதே சொல், கிணற்றில் இறங்குகிறவனுக்கும் அதே சொல். பார்த்து, சிந்தாமல், விழாமல் என்று அர்த்தம். சொல்லி முடித்ததும் பஸ் கிளம்பிவிடும், பால் இறங்கிவிடும். கந்தப்பன் விஷயத்தில் மட்டும் எதுவும் கிளம்பவில்லை.

கந்தப்பனுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் விட்ட இடம் பார்த்துச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பனியனையும் மூன்று தரம் புரட்டுவார். குறை இல்லாவிட்டால் நாலாவது தரமும் புரட்டுவார், குறையே இல்லாத பனியன்மேல் சந்தேகம் வருமா வராதா? முதலாளிக்கு அவரென்றால் உயிர்.

அதே கண்ணோடு பெண் பார்க்கவும் போனார். பல்லடத்துப் பெண் சத்தமாகச் சிரித்தாள், வேண்டாம். உடுமலைப் பெண் சிரிக்கவே இல்லை, அதுவும் வேண்டாம். இன்னொரு வீட்டில் நாய் குரைத்தது. "கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிருங்க, பதனமாப் பாக்கோணும்" என்பார். விதைக்காத பயிருக்குக் காவல் இருந்தே இரண்டாயிரத்து ஆறில் முப்பத்தெட்டு வயதாகிவிட்டது.

அந்த வருஷம் மடத்துக்குளத்தில் சாரதாமணியைப் பார்த்தார். "சூடா இருக்குதுங்க" என்று டம்ளரைத் துணியால் பிடித்து நீட்டினாள். எவ்வளவு தேடியும் ஒரு குறை தட்டுப்படவில்லை. திரும்பும் பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். இவளும் கைவிட்டுப் போனால் அப்புறம் தனக்கு யாருமில்லை என்று நிஜமாகவே பயந்தார். பயந்தவர் அன்றைக்கே சரி சொல்லியிருக்கலாம். பழக்கம் விடுமா? மளிகைக்கடை, பால்காரர், அவளுடைய பழைய டீச்சர் என்று மூன்று தரம் மடத்துக்குளம் போய் விசாரித்தார். நாலாவது தரம்தான் சம்மதம் சொல்லப் போனார்.

சாரதாமணியே வாசலுக்கு வந்தாள்.

"எங்கண்ணனும் உங்க கம்பெனில விசாரிச்சாருங்க. யாரும் ஒரு குறை சொல்லலீங்க. ஒரு பனியனையே நாலு தரம் புரட்டிப் பாப்பீங்களாமா."

"ஆமாங்க" என்றார் கந்தப்பன் பெருமையாக.

"பனியன்னா ஸ்டிக்கர ஒட்டி ஓரமாப் போட்டுருவீங்க. மேலெல்லாம் அம்புக்குறியோட என்னால குடும்பம் நடத்த முடியாதுங்க."

கந்தப்பன் செருப்பைத் தேடி, கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"படி வழுக்குமுங்க" என்றாள் சாரதாமணி. "பதனமாப் போங்க."