புலுனிக் கூடும் எங்கள் வேலியும்

எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு வேலி ஒரு மாதம் அடைபடாமல் நின்றது. அதற்குக் காரணம் நான்தான் என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

பங்குனி வந்தால் உக்கின பழைய ஓலையைக் கழற்றித் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டுவிட்டு, புது ஓலை வைத்து வேலி அடைப்பது வழக்கம். அந்த முறை, ஊர் போய்வரும் ஒழுங்கைப் பக்கத்து வேலியில், பூவரசங் கவட்டுக்குள் புலுனி கூடு கட்டிவிட்டது. புலுனி என்றால் தெரியுந்தானே, ஏழெட்டாகச் சேர்ந்து முற்றத்தைக் கிண்டி, நாள் முழுக்கச் சண்டை பிடிப்பதுபோலவே கதைத்துக்கொண்டு திரியும் மண்நிறக் குருவி. கூட்டுக்குள் நாலு முட்டை. அப்படியொரு நீலத்தை நான் சேலையிலும் கண்டதில்லை, கடலிலும் கண்டதில்லை. கூட்டுக்குக் கீழே ஓலை விழுந்து, கை நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு, ஓட்டை.

ஐயா, எங்கள் அப்பா, கத்தியோடு வந்தபோது நான் பூவரசைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதேன். அம்மா விடவில்லை. "பெரியபிள்ளை இருக்கிற வீடு. வேலியிலை பொட்டை வைச்சுக்கொண்டு ஊர் சிரிக்கவோ?" என்றா. பெரியபிள்ளை என்றது என் அக்காவை. வயதுக்கு வந்ததும் அவவைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்துவிட்டார்கள். அதற்குக்கூட வாய் திறவாத அக்கா அன்றைக்குத் திறந்தா.

"பாவம் ஐயா. குஞ்சு பறக்கட்டும்."

ஐயா கத்தியைக் கீழே போட்டார்.

அதன் பிறகு காலையும் பின்னேரமும் நானும் அக்காவும் வேலியடியில்தான். வெயில் ஓலைக்குள்ளால் வடிந்து மடியில் விழும். அக்கா பழஞ்சோற்றை உள்ளங்கையில் வைத்து நீட்டுவா. முதலில் எட்ட நின்ற புலுனிகள் பிறகு பாதத்தடிக்கு வந்தன. ஒருநாள் ஒன்று என் மடியிலேயே ஏறி நின்று, வெளிறிய கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தது. பாரமே இல்லை. மூச்சு விட்டால் எல்லாம் கலைந்துபோகுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டிருந்தேன். குஞ்சு பொரித்ததும் எல்லாப் புலுனிகளும் மாறி மாறி இரை தீத்தின. எது தாய், எது சித்தி என்று கடைசிவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

பின்னேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் அக்காவின் சிநேகிதி ஒருத்தி அந்தப் பொட்டுக்குள்ளால் தன் கொப்பியை நீட்டுவா. அக்கா அன்றைய பாடத்தை ஒளித்திருந்து பார்த்தெழுதி, மறுநாள் காலை அதே பொட்டால் திருப்பிக் கொடுப்பா. "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றா. நான் சொல்லவில்லை. கணக்கும் இலக்கணமும் எனக்கு என்னத்துக்கு? எனக்குப் புலுனி போதும்.

ஒரு காலை நாலு குஞ்சும் கூட்டை விட்டுக் கிளம்பின. அதில் ஒன்று என் முழங்காலில் வந்து இருந்தது. என்னை மரக்கொப்பென்று நினைத்ததோ என்னவோ, கண்ணைக்கூட மூடியது. பிறகு பறந்துவிட்டது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்!

அக்கா என் கையைப் பிடித்தா. "ஐயாவுக்குச் சொல்லாதை, என்ரை ராசாத்தியெல்லே. இன்னும் ஒண்டு கூட்டுக்கை கிடக்கெண்டு சொல்லு."

ஓமென்று தலையாட்டினேன். ஆனால் பின்னேரம் ஐயா தோட்டத்தால் வந்து கால் கழுவுமுன்பே ஓடிப்போய், "எல்லாம் பறந்திட்டுது ஐயா, நாலும்!" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் வேலி அடைத்தார்கள். ஐயா ஒழுங்கையில் நின்று குத்தூசியால் ஓலையைக் குத்திக் கயிற்றை உள்ளே தள்ளுவார். உள்ளே நிற்பவர் அதை இழுத்து மறுபடி கோத்துக் கொடுக்கவேண்டும். அந்த வேலையை அடம்பிடித்து நான் வாங்கிக்கொண்டேன். அக்கா குசினிக்குள், அடுப்படியில் அழுதுகொண்டிருந்தா. புலுனி போன கவலையாக்கும் என்று நினைத்து, "அடுத்த வருஷமும் வருமக்கா" என்று போய்த் தேற்றினேன். அவ என்னை இழுத்து அணைத்தா.

"இறுக்கு பிள்ளை, நல்லா இறுக்கு" என்றார் ஐயா, வெளியிலிருந்து. பொட்டு மறைந்தது. ஒழுங்கை மறைந்தது. ஐயாவின் முகமும் மறைந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். அக்காவின் பள்ளிக்கூடத்தை என் கையாலேயே கட்டி அடைக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் வேலிக்கு உள்ளேதான் நிற்கிறேன் என்பதும் தெரியவில்லை.