வலக்கை மேலே

கொறற்றி விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினாள். பிள்ளைகள் பதினான்கு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அவள் யாரையும் பாராமல் புல்வெளியைக் குறுக்காக நடந்துபோய்த் தன் மகன் நிலக்ஷனுடைய கையிலிருந்து மட்டையை வாங்கினாள்.

"இது கிரிக்கெட் இல்லை. வலக்கை மேலை, இடக்கை கீழை. ஏழு வயசிலை பழக்கினது. பதினேழு வயசிலை மறந்து போச்சோ?"

"இல்லை அம்மா."

"அப்ப பிடி."

அவன் பிடித்தான். அவள் அவனுடைய வலது கைவிரல்களை ஒவ்வொன்றாக மடித்து மட்டையின் தலைப்பில் வைத்து அழுத்தினாள். சுண்டுவிரல் மட்டும் விலகி நின்றது. அதையும் அழுத்தினாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. மார்ச் மாதம், றைன் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளின் கையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

ஹர்லிங் அயர்லாந்துக்காரரின் ஆட்டம். இடுப்பளவு நீளமான மர மட்டை, நுனியில் உள்ளங்கை போல அகன்றிருக்கும். சின்னத் தோல் பந்தை அதனால் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம். ஓடும்போது மட்டையைத் தனியே தாங்குவது மேலே இருக்கும் கை. மற்றக் கை பந்தைப் பிடிப்பதற்கு. ஆகவே பலமான கை மேலேதான் இருக்கவேண்டும். கிரிக்கெட் பழகியவர்கள் அதைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். போன கோடையில் நிலக்ஷன் தகப்பனோடு தமிழர் விளையாட்டு விழாவில் கிரிக்கெட் ஆடியிருந்தான். பிழை அங்கேயிருந்துதான் வந்தது என்று கொறற்றி முடிவு கட்டிவிட்டாள். அதன் பிறகு வேறு காரணம் தேடவில்லை.

மன்னாரிலிருந்து தாயோடு ஜெர்மனிக்கு வந்தபோது அவளுக்கு வயது பதினொன்று. அகதி முகாமின் ஒற்றை அறையில் நான்கு வருடம். பிறகு முதியோர் இல்லத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, அங்கேயே வேலை. கூட வேலை செய்த அயர்லாந்துப் பெண் ஒருத்தி ஒரு சனிக்கிழமை அவளை இந்தப் புல்வெளிக்குக் கூட்டிவந்தாள். ஐந்தடி உயரம், ஒருநாளும் ஓடிப் பழகாத உடம்பு. முதல் நாளே முழங்காலில் அடி வாங்கினாள். அடுத்த சனிக்கிழமையும் போனாள். வேலையிடத்தில் அவள் மெல்லப் பேசுகிறவள், யார் அதட்டினாலும் தலையாட்டுகிறவள். இங்கே தொண்டை கிழியக் கத்தலாம். முட்டி மோதலாம், விழலாம், எழும்பித் திருப்பி அடிக்கலாம். பதினொரு வருடம் ஆடினாள். முழங்கால் சவ்வு கிழிந்த பிறகு சின்னவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினாள். கண்டிப்பானவள் என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

கணவன் வின்சன்றுக்கு இந்த ஆட்டம் பிடிக்காது. பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்கால வேலை முடித்து வந்து படுக்கப் போகும்போது சொல்லுவான்: "கோல் கொண்டு சண்டை பிடிக்கிறதுக்கெண்டே நாங்கள் அங்கையிருந்து இஞ்சை வந்தனாங்கள்?" ஆனால் தடுத்ததில்லை. தாயும் மகனும் ஒன்றாகப் போய் ஒன்றாகச் சேறாகி வருவதைப் பார்க்க அவனுக்கும் உள்ளூரச் சந்தோசம்தான்.

அந்த வசந்தத்தில் நிலக்ஷனுடைய பிடி சரியாகவே இல்லை. சரியாக்கிவிட்டுத் திரும்பினால் இடக்கை மேலே ஏறியிருக்கும். பந்தை அடிக்கும் கணத்தில் மட்டை கையிலிருந்து நழுவும். கொறற்றி வீட்டுக் கராஜில் தனிப் பயிற்சி வைத்தாள். ஒவ்வொரு நாளும் பாடசாலையால் வந்ததும் அரை மணித்தியாலம்.

"தலையைக் குனி. கண் கையிலை இருக்க வேணும். பிடியைப் பார்த்துக்கொண்டு அடி."

அவன் நாடி நெஞ்சில் முட்டும் அளவுக்குக் குனிந்து, தன் கையையே பார்த்தபடி சுவரில் பந்தை அடிப்பான். அவன் தலை நிமிர்ந்தால் அவள் பிடரியில் கை வைத்து மறுபடி குனிய வைப்பாள். பலமாக அல்ல. பூசையில் குழந்தையின் தலையைத் தாழ்த்துவது போல, இரண்டு விரலால்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் அவன் மட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, விரல் நீளுதில்லை. குளிருக்கை விறைச்ச மாதிரிக் கிடக்கு."

"எல்லாருக்கும்தான் குளிருது. கையுறையைப் போடு."

ஜூன் மாதம், சூடான நாளொன்றில், சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாமல் இருக்கிறது என்றான். அவள் அவனைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனாள். வைத்தியர் கையைத் திருப்பிப் பார்த்தார், மணிக்கட்டை அழுத்தினார், விளையாட்டால் வந்த களைப்பு என்றார், களிம்பு எழுதினார். இரண்டு கிழமை ஓய்வு எடுக்கச் சொன்னார். கொறற்றி இரண்டு கிழமை ஓய்வு கொடுத்தாள். பதினைந்தாம் நாள் பயிற்சி மறுபடி தொடங்கியது.

செப்டெம்பரில் மூன்றாம் தரமும் சொன்னான். அன்றைக்கு அவள் இரண்டு முறை வேலையை அடுத்தடுத்துச் செய்து களைத்துப்போய் வந்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபடி, "உனக்கு விருப்பமில்லையெண்டா நேரா விருப்பமில்லையெண்டு சொல்லு. கையிலை பழியைப் போடாதை" என்றாள். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்குப் பிறகு கையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

ஒக்டோபரில் பெரிய போட்டி ஒன்று வர இருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை மட்டை அவன் கையிலிருந்து பறந்து ஒரு சிறுமியின் தோளுக்குப் பக்கத்தால் போய் விழுந்தது. பிள்ளைகள் அலறினார்கள். கொறற்றி பையிலிருந்து பிடிக்குச் சுற்றும் ஒட்டுநாடாவை எடுத்தாள். அவன் வலக்கையை மட்டையின் தலைப்பில் வைத்து, நான்கு விரலும் சேர நாடாவால் சுற்றினாள். மூன்று சுற்று.

"இனி நழுவாது. ஆடு."

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் மறந்திருப்பாள். அவன் சும்மா பார்த்தான், யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல. பிறகு ஒரு மணித்தியாலம் கையில் கட்டிய மட்டையோடு ஓடினான்.

நவம்பரில்தான் சுபத்ரா அந்தப் புல்வெளிக்கு வந்தாள். பெரியவர்களின் அணியில் யோகேஷ் என்று ஓர் ஆராய்ச்சி மாணவன் ஆடினான், கோயம்புத்தூர்க்காரன். அவனுடைய மனைவி அவள். வைத்தியசாலையில் நரம்பியல் பிரிவில் வேலை. தடித்த கோட்டுக்குள் ஒடுங்கியபடி ஓரத்தில் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் பிள்ளைகளுக்குச் சுடுதேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். நிலக்ஷன் காகிதக் கோப்பையை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்து ஏந்திக் குடித்தான். சுபத்ரா அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுக் கொறற்றியிடம் வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தம்பியோட கையை ஒரு நிமிஷம் பார்க்கலாமா?"

"அவனுக்குப் பிடி பிழை. அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறன்."

"அது இல்லக்கா. ப்ளீஸ், ஒரே ஒரு நிமிஷம்."

நிலக்ஷன் கையுறையைக் கழற்றி இரண்டு கையையும் நீட்டினான். சுபத்ரா விரல்களை விரிக்கச் சொன்னாள். இடக்கை விரிந்தது. வலக்கை நடுங்கியது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதி மடங்கியபடி நின்றன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கவேண்டிய சதைத் திரட்சி அங்கே இல்லை. குழி விழுந்து, தோல் எலும்பில் ஒட்டிக் கிடந்தது. முன்கையின் உட்புறமும் மெலிந்திருந்தது.

கொறற்றி அந்தக் கையை அப்போதுதான் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் அவள் ஒவ்வொரு நாளும் எட்டுப் பேரின் கையைக் கழுவித் துடைக்கிறாள். யாருடைய விரல் நேற்றைவிட விறைத்திருக்கிறது, யாருடைய நகம் நீலம் பாரித்திருக்கிறது என்று கண் மூடிக்கொண்டே சொல்லக் கூடியவள். இந்தக் கையை எட்டு மாதமாகப் பிடித்துப் பிடித்து மடித்திருக்கிறாள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று சுபத்ரா கேட்டாள்.

"பெப்ரவரியிலையிருந்து" என்றான் நிலக்ஷன். "குளிர் வந்தால் இன்னும் கூடும்."

"வலி?"

"இல்லை. நோ இல்லை. பலம்தான் இல்லை."

சுபத்ரா கொறற்றியைத் தள்ளிக் கூட்டிப்போனாள். "ஸ்கேன் பார்க்காம நான் எதுவும் சொல்லக்கூடாது. ஆனா வேலூர்ல படிக்கும்போது இந்த மாதிரி பசங்களை நிறையப் பார்த்திருக்கேன். நம்ம பக்கத்துப் பசங்களுக்குத்தான் அதிகமா வரும். இங்கே டாக்டர்ஸ் பெரும்பாலும் பார்த்திருக்கவே மாட்டாங்க. இனிமே அவன் கழுத்தைக் குனியவே கூடாது. போன் பார்க்கக்கூட. புரியுதாக்கா?"

"குனியக் கூடாதோ?" என்றாள் கொறற்றி.

"ஆமாக்கா. குனியறப்போ கழுத்துக்குள்ள தண்டுவடம் முன்னாடி எலும்புல போய் அழுந்துது. கைக்குப் போற நரம்பு அங்கேதான் சாகுது."

கொறற்றி பக்கத்தில் இருந்த வாங்கிலில் உட்கார்ந்தாள். இரண்டாம் பாதி ஆட்டத்துக்குப் பிள்ளைகள் அவளைப் பார்த்து நின்றார்கள். விசில் அவள் கழுத்திலேயே கிடந்தது. கடைசியில் யோகேஷ் வந்து அதை வாங்கி ஊதினான்.

ஸ்கானுக்குத் தெர்மீன் என்கிற முன்பதிவு கிடைக்க ஆறு கிழமை ஆகும் என்றார்கள். சுபத்ரா யாரிடமோ பேசி ஒன்பது நாளில் எடுத்துக் கொடுத்தாள். ஒரு தரம் நேராகப் படுக்க வைத்து எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கழுத்தைக் குனிய வைத்து எடுத்தார்கள். அதில் தெரிந்தது. பேராசிரியர் ஒருவர் படத்தைக் காட்டி விளக்கினார். வளரும் வயதில் வரும் நோய், சில வருடம் முன்னேறித் தானாக நின்றுவிடும். கழுத்துப்பட்டி போட்டுக் குனியாமல் வைத்திருந்தால் சீக்கிரம் நிற்கும். போன சதை திரும்பி வராது.

வின்சன்ற் ஜெர்மன் மொழியில் கேட்டான்: "முந்தி வந்திருந்தால்?"

"முந்தி வந்திருந்தால் இன்னும் மிச்சம் இருந்திருக்கும்" என்றார் பேராசிரியர்.

கொறற்றி கராஜைப் பற்றிச் சொன்னாள். அரை மணித்தியாலம், குனிந்த தலை, பிடரியில் வைத்த கை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது போலச் சொல்லி முடித்தாள். அவர் பேனையை மேசையில் வைத்தார். அதனால்தான் நோய் வந்தது என்று சொல்ல முடியாது என்றார். எவ்வளவு கெடுத்தது என்று அளக்கவும் முடியாது என்றார். நல்லது செய்திருக்காது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நிலக்ஷனுடைய அறை வாசலில் நின்றாள். அவன் கழுத்துப்பட்டியோடு கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தான்.

"ஏன் தம்பி எனக்கு வடிவாச் சொல்லேல்லை?"

"சொன்னனான்" என்றான். "மூண்டு தரம். மூண்டாந்தரம் நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. பிறிட்ஜுக்கைதான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அவள் உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்றான்.

அவன் அடுத்த வருடம் பல் கட்டும் ஆய்வுகூடம் ஒன்றில் அவுஸ்பில்டுங் தொடங்க இருந்தான். மயிரிழை போன்ற கம்பியையும் மெழுகையும் விரலால் வளைக்கும் வேலை. அவனாகத் தேடி, அவனாக எழுதி எடுத்த இடம். ஆய்வுகூடத்துப் பெண்மணி நல்லவள். நேரில் வரச் சொல்லி, கோப்பி கொடுத்து, வருந்தி, ஒப்பந்தத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். பிறகு ஊனமுற்றோர் அட்டைக்கு அந்ராக் என்கிற விண்ணப்பம் எழுதினார்கள். பதினாறு பக்கம். தன் கையால் என்னென்ன செய்ய ஏலாது என்று வரிசையாக எழுதவேண்டியிருந்தது. நிலக்ஷன் சொல்லச் சொல்லக் கொறற்றி எழுதினாள். பூட்டுத் திறப்பது. சப்பாத்து நாடா. பேனை. கரண்டி. "அவ்வளவும் போதும்" என்று அவன் நிறுத்தியபோது படிவத்தில் பாதிக் கேள்விகள் மிச்சம் இருந்தன.

பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்ட அவளைக் கழகத்தார் திரும்ப வரச் சொல்லி இரண்டு தரம் கேட்டார்கள். மூன்றாம் தரம் அவளே போனாள், சாமான் அறைப் பூட்டின் திறப்பைக் கொடுக்க. புதிதாகச் சேர்ந்த பிள்ளையொன்று இடக்கை மேலே வைத்துப் பந்தை அடித்துக்கொண்டு நின்றது. திருத்தவா என்று கேட்கும் பாவனையில் யோகேஷ் அவளைப் பார்த்தான். அவள் திறப்பை அவன் கையில் வைத்துவிட்டுப் பேருந்துத் தரிப்பை நோக்கி நடந்தாள்.

"உன்ரை மனசறிஞ்சு செய்யேல்லை" என்று வின்சன்ற் ஒரு நாள் சொன்னான். அவள், "மனசறியாமல் செய்தன் எண்டதுதான் பிழை" என்றாள்.

இரண்டரை வருடத்தில் நோய் நின்றது. கழுத்துப்பட்டியைக் கழற்றினார்கள். வலக்கையில் மூன்றில் ஒரு பங்கு பலம் மிஞ்சியது. நிலக்ஷன் இடக்கையால் எழுதப் பழகினான். லைப்சிக்கில் அலுவலக வேலைக்கான அவுஸ்பில்டுங் கிடைத்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனுக்குத் தொலைபேசி எடுப்பான். தாயிடமும் பேசுவான்: மழை, ரயில் தாமதம், சமைத்தது என்ன. மரியாதையாகத்தான் பேசுவான்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வந்திருந்தான். பூசை முடிந்து மூவரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். கொறற்றி ஆட்டுத் தொடையை முழுசாக வாட்டியிருந்தாள். அவனுடைய தட்டில் பெரிய துண்டொன்றை வைத்ததும், நினையாமலே கத்தியை எடுத்து அதைச் சின்னதாக வெட்டக் கை நீட்டினாள்.

"விடுங்கோ அம்மா. நான் வெட்டுவன்."

தட்டைத் தன் பக்கம் இழுத்தான். வலக்கை முட்டியால் முள்ளுக்கரண்டியை இறைச்சியில் அழுத்திப் பிடித்து, இடக்கையால் கத்தியை இழுத்தான். வழுக்கியது. மறுபடி அழுத்தினான். குழம்பு மேசைத் துணியில் தெறித்தது. வின்சன்ற் தன் சாப்பாட்டைத் தொடாமல் காத்திருந்தான். கொறற்றி இரண்டு கையையும் மேசைக்குக் கீழே மடியில் வைத்து, ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் துண்டு வெட்டுப்பட வெகுநேரம் எடுத்தது. அவன் அதை வாயில் வைத்து மென்றான்.

"உப்புக் காணாது" என்றான்.

அவள் எழும்பி உப்பை எடுத்துவரப் போனாள்.