மூலை மரத்தக்கா

பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, சற்றே மேலே தூக்கி, ஒரு திருகு. காம்போடு வந்துவிடும். இழுத்துப் பிடுங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "ஏண்டி, பழத்தோட என்ன பகை உனக்கு?" என்று ஏணியில் நின்றபடியே கேட்பாள்.

இந்த ஆப்பிள் தோட்டத்தில் பாதி ஆயுளைப் பறித்தே கழித்தவள். உடன் வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர் 'மூலை மரத்தக்கா'. வரிசைக்கு வெளியே, வேலியோரம் நிற்கும் ஒரு மரத்தடியில்தான் சாப்பிடுவாள். மகளோடு போனில் பேசுவதும் அங்கேதான். மற்றதெல்லாம் விலைக்கு வாங்கிய ஒட்டுமரங்கள். இது, அவளோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த நாளில் சின்னஞ்சிறு மகள் விளையாட்டாகப் புதைத்த விதை. காய் சிறுத்தது, பல் கூசும் புளிப்பு.

மகள் இப்போது கடல் கடந்து யார் பிள்ளைகளையோ வளர்க்கிறாள். ஊர்ப்பக்கம் வந்தே பல வருடம் ஆகிறது. "நான் சாப்பிட்டேனான்னு கேக்க மாட்டா. மரம் காய்ச்சிருக்கான்னுதான் கேப்பா, கழுத" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

பழத்தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ஆர்ச்சர்ட்' என்கிறார்கள். அதன் வேரைத் தோண்டினால் செடிகளுக்காக அடைத்த நிலம் என்றுதான் பொருள் கிடைக்கிறது. பழம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. வேலி முதலிலிருந்தே இருக்கிறது. நட்டது யார், நீர் ஊற்றியது யார் என்று எந்த வேலியும் கேட்டதில்லை.

போன வாரம் மேஸ்திரி அந்த மரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். விலைபோகாததை வெட்டிவிடச் சொல்லி முதலாளி உத்தரவு. அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"வேலிக்குள்ள இருக்கறதெல்லாம் முதலாளிதும்மா."

"வேலி அவருது. மரம் என் பொண்ணுது, மேஸ்திரி."

அவர் சிரித்தார். மறுநாள் வெட்டு என்று முடிவாயிற்று.

அன்று மதியம் அதில் ஒரு பழத்தைத் திருகி, முகம் சுளிக்காமல் முழுதும் தின்றாள். கொட்டைகளை மட்டும் கையில் துப்பி எண்ணெய் தேய்ப்பதுபோல் உருட்டிக்கொண்டிருந்தாள். விதை போட்டால் இதே மரம் வராது, காய் வேறு மாதிரி இருக்கும் என்றேன், பக்கத்தில் பெட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான்.

"என் வயித்துல பொறந்தவ மட்டும் என்னை மாதிரியேவா இருக்கா?"

உள்ளே வரும்போது யாரும் சோதிப்பதில்லை. வெளியேறும்போதுதான் பறிக்கிற பெண்கள் திருடர்கள் ஆகிறார்கள். மாலையில் காவலாளி அவள் பையைக் கவிழ்த்தார், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், இரு உள்ளங்கைகளையும் விரிக்கச் சொன்னார். ஒன்றுமில்லை.

"போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாக்கா?" என்றார்.

அவள் உதட்டைப் பிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். கன்னத்துக்குள் நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி நடந்தாள்.